ஏழு புள்ளி நான்கு

பழைய ஜீப்பின் புகைக்குழாயில் சோதனைக் கருவியின் குழலைச் செருகியபோது அது 7.4 காட்டியது. மூன்றுக்கு மேல் போனால் புகைச் சான்றிதழ் கிடையாது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க உடம்பு வணங்காத மெக்கானிக், தன் புதுக் காரின் புகையை அளந்து, 0.2 என்று வந்த சீட்டை ஜீப்காரரிடம் நீட்டினான்.

"இனி கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்ண்ணே."

பத்தே நாளில் அவர் மகளோடு திரும்பி வந்தார்.

"பின்சீட்டுல வந்த புள்ள புகையில மயங்கிட்டாப்பா. நீ பாத்துக் குடுத்த வண்டி, அதுல தப்பு இருக்காது. வேற என்னவா இருக்கும்?"

மெக்கானிக் கூனிக் குறுகிப் போனான். தலை நிமிராமலே ஜீப்பைக் கிளப்பிக் குழலைச் செருகினான். ஜீப் கரும்புகையாகக் கக்கியது. கருவியோ 0.2 என்றது. மூன்று முறை செருகினான். மூன்று முறையும் அதே 0.2.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, குழலை உருவிக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்தான்.

"வண்டி சரியாத்தான் இருக்குண்ணே."

கருவியில் எண் மளமளவென்று ஏறி 7.4-இல் நின்றது. சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைவிட்டு இரண்டடி தள்ளிப் போனாள்.