இறங்க அனுமதி

எங்கள் ரகசிய ஹெலிகாப்டர் பிரிவு இருப்பதாக நாங்களே ஒப்புக்கொள்ளக் கூடாது. திங்களன்று இரண்டு பேரோடு ஒரு ஹெலிகாப்டர் எல்லை தாண்டிப் போனது; திரும்பவில்லை. விஷயம் கசிந்ததும், "அப்படி எதுவும் பறக்கவே இல்லை" என்று தளபதி பதக்கங்கள் பளபளக்க அறிவித்தார். அன்றிலிருந்து அதன் பைலட் இன்னாசி என் ரேடியோவில் இறங்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"பதில் சொன்னா ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்யா," என்றார் தளபதி.

"எரிபொருள் தீர்ந்து மூணு நாளாச்சு சார். இன்னும் கேக்கறாரே!"

பொறுக்க முடியாமல் மைக்கை எடுத்தேன். "இறங்குங்கண்ணே."

"நன்றி தம்பி," என்றார் இன்னாசி. "இதுக்கு முன்னாடி தளபதி யாரையெல்லாம் இல்லேன்னு சொன்னாரோ, அவங்களையும் கூட்டிட்டு வர்றேன். மொத்தம் பதினேழு பேர்."

வெளியே சத்தமே இல்லாமல் தூசி கிளம்பியது. தளபதி மேசைக்குக் கீழே குனிந்தார்.

"கேட்டா, நான் இல்லேன்னு சொல்லிடுய்யா."