ஒற்றைச் செருப்பு

எங்கே போனாலும் தில்லைநாயகி செருப்பை வாசலில் விடமாட்டாள். துணிப்பைக்குள் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்வாள். நெஞ்சு படபடத்து மூச்சு அடைக்கும்போது எழுந்து ஓடவேண்டும்; செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க முடியாதே! இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று பெரிய டாக்டர்களே சொல்லியாயிற்று. கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். அவள் மடியிலிருந்த பையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பதற்ற நோய்ம்மா. உங்க கற்பனை இல்ல. மாத்திரை சாப்பிடுங்க, பயிற்சியும் செய்யணும். சரியாயிடும். அடுத்த தடவை ஒரு செருப்பை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க."

அதன்பின் பல வாசல்களில், ஜோடிகளுக்கு நடுவே அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. மற்றதை நாய் தூக்கிப் போயிருக்கும் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாத்தனார் மகள் கல்யாணத்தன்று இரண்டையுமே மண்டப வாசலில் விட்டாள். கெட்டிமேளம் கொட்டியபோது படபடப்பு வந்தது. கணவர் பாதி எழுந்துவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க. வந்துட்டுப் போயிடும்."

வந்தது, போயிற்று. பந்தியில் பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கணவர் அரண்டுபோய் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி, உச்சிவெயிலில் கொதித்த தார்ரோட்டில் இறங்கி நடந்தாள்.

"என்ன பண்ணுது?" என்றார் வழக்கம்போல.

"கால்தாங்க சுடுது," என்று சிரித்தாள். "வேற ஒண்ணுமில்ல."