பசு கத்தும் கருவி

"ம்ம்மா..." என்று பசு கத்தியது.

சுங்க அலுவலக ஹாலில் அத்தனை தலைகளும் திரும்பின. அதிகாரி அம்மாள் எதையும் கண்டுகொள்ளாமல் இன்னொரு பட்டனை அழுத்தினார். இப்போது வாத்து.

எதிரே, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரக்கு துறைமுகத்தில் வெயிலில் காய்கிறது; இந்த அம்மா என்னடாவென்றால் பட்டனை அமுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறார். சும்மாவா வைத்தார்கள் 'நோண்டி மேடம்' என்று பேர்?

"மேடம், நான் சொல்ல வந்தது என்னன்னா, இது பொம்மையே இல்ல. கல்விக் கருவி. எழுத்து, எண், மிருகம், எல்லாம் சொல்லித் தருது. ஒரு டீச்சரம்மா மாதிரி."

"டீச்சரம்மாவை யாரும் வாயில வைக்க மாட்டாங்களே" என்றார் அவர், நிமிராமலே.

விஷயம் இதுதான். பொம்மை என்று எழுதினால் வரி கழுத்தை நெரிக்கும். கல்விக் கருவி என்று எழுதினால் ஏதோ பேருக்கு ஒரு வரி. 'கருவின்னு வாங்கிட்டு வா, இனிமே என் சரக்கு பூரா உன் கையில' என்று சரக்கை வரவழைத்த முதலாளி சொல்லியிருந்தார். சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து இன்னும் நிமிராத மனுஷனுக்கு அது சாதாரணப் பேச்சா?

அதனால் நேற்று வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. "பாப்பா பொம்மை எங்கேங்க?" என்று மனைவி கேட்டதற்குக்கூட, "பொம்மைன்னு சொல்லாத, வாய் பழகிடும். கருவின்னு சொல்லு" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தான்.

அதிகாரி அம்மாள் கருவியைக் கையில் எடுத்தார். மேஜை உயரத்துக்குத் தூக்கினார். அப்படியே விட்டுவிட்டார்.

தரையில் விழுந்து மறுபடி "ம்ம்மா" என்றது பசு.

"ஐயோ மேடம்!"

"கை தவறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே எடுத்து, இன்னொரு தடவை கை தவறவிட்டார். பின்பக்க மூடி கழன்று ஒரு பக்கம் போனது. வாட்சில் போடுவார்களே, அந்த மாதிரி சின்ன வட்ட பேட்டரி மூன்று, நாலா பக்கமும் உருண்டன. ஏஜென்ட் நாற்காலிக்கடியில் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டு வந்தான்.

அவனுக்கு இப்போது விளங்கிவிட்டது. இந்தக் குடைச்சலெல்லாம் எதற்கு? வீட்டுக்கு ஒன்று வேண்டும், வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அவ்வளவுதான்.

குரலைத் தணித்தான். "மேடம் வீட்ல சின்னக் குழந்தை இருந்தா, இது இங்கேயே இருக்கட்டுமே. நான் கேக்க மாட்டேன்."

"உங்க வீட்ல இருக்கா?"

"ஒரு பொண்ணு மேடம். ஒன்றரை வயசு."

"அவளுக்கு இது குடுத்தீங்களா?"

"பின்ன? சாம்பிள் வந்ததும் முதல் பீஸ் அவளுக்குத்தான். ராத்திரிகூடக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுதான் தூங்கறா. அப்படி ஒரு படிப்பு!"

அதிகாரி அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, 'பொம்மை' என்று எழுதினார்.

ஏஜென்ட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. "இது அநியாயம் மேடம். நான் அப்பீல் போவேன்."

"தாராளமா போங்க. வரி கூடவா குறைச்சலாங்கறதை அங்க பேசிக்கங்க. ஆனா ஒண்ணு. கருவின்னு எழுதினா இது நேரா கடைக்குப் போயிடும், யாரும் பரிசோதிக்க மாட்டாங்க. பொம்மைன்னு எழுதினாத்தான் லேபுக்குப் போகும். குழந்தை தூக்கிப் போட்டா மூடி கழலுதான்னு பாப்பாங்க."

பேட்டரி ஒன்றை விரலால் அவன் பக்கம் நகர்த்தினார்.

"மூடிக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்ல, பாத்தீங்களா? இதைக் குழந்தை முழுங்கினா உள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள..."

மீதியை அவன் கேட்கவில்லை. போன் காதில் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டிருந்தான்.

"பாப்பா என்ன பண்றா?"

"இதோ, அதை வெச்சு தரையில தட்டிக்கிட்டு இருக்கா" என்றாள் மனைவி.

"முதல்ல அந்தப் பொம்மையைப் பிடுங்கு."

"பொம்மையா? நேத்து நீங்கதானே..."

"பிடுங்குடி!"

போனுக்குள் பசு கத்தியது. குழந்தை வீறிட்டது. அந்த அழுகை அவன் காதுக்கு அத்தனை இதமாக இருந்தது.

"வாங்கிட்டேன். ஏங்க, பின்னாடி மூடி ஆடிக்கிட்டிருக்கு."

"உள்ள மூணு பேட்டரி இருக்கணும். இருக்கா பாரு."

"இருங்க... ஆமா, மூணும் இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அதிகாரி அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

அவன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மறுபடி போன் அடித்தது. முதலாளி.

"என்னய்யா ஆச்சு? கருவியா, பொம்மையா?"

"பொம்மை சார்."

"அந்தம்மா அப்படிச் சொல்லிடுச்சா?"

"இல்ல சார். நான் சொல்றேன்."