இரண்டு மாதக் குறை

கிடாயை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலையை மேற்கே திருப்பியபோது வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

"அறுத்துறாதீக பாய்! செத்த நில்லுங்க!"

கத்திக்கொண்டே இறங்கி ஓடி வந்தவள் பஞ்சம்மாள். உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரி. கூலி வேலைக்குப் போவாள், ஐந்தாறு ஆடு வளர்ப்பாள். பதினைந்து நாளைக்கு முன்னால் இந்தக் கிடாயை ஜெய்னுலாபுதீனுக்கு விற்றவள் அவள்தான்.

ஜெய்னுலாபுதீன் கத்தியைத் தாழ்த்தினார். ஆட்டின் கால்களைப் பிடித்திருந்த பள்ளிவாசல் ஹஸ்ரத் நிமிர்ந்து பார்த்தார். ஜெய்னுலாபுதீனின் மனைவி ஹமீதா பானு கையில் சட்டியோடு கொல்லைக்கு வந்துவிட்டாள்.

பஞ்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"இதுக்கு வருசம் நெறயலங்க. பத்து மாசந்தான் ஆகுது. வீட்டுல ஒரு அவசரம். வருசம் முடிஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி வித்துப்புட்டேன்."

கிடா காலை உதறியது.

ஹஜ்ஜுப் பெருநாளில் கொடுக்கும் குர்பானிக்கு வெள்ளாடு என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் அது குர்பானி ஆகாது. வெறும் கறிதான்.

பஞ்சம்மாளுக்கு இந்த விவரம் தெரியாதாம். வருசம் ஆயிருச்சு என்று சொன்னால்தான் பாய்மார் வாங்குவார்கள் என்ற அளவில்தான் தெரியும். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"எங்க கருப்பனுக்கு நேந்து விடுற கெடாவுல ஒரு காது கிழிஞ்சிருந்தாலும் ஆகாதும்போம். உங்க சாமிக்கு மட்டும் கொறையா குடுக்க விடலாமா?"

ஜெய்னுலாபுதீனுக்குக் காது மடல் சுட்டது.

இருபத்திரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் இருந்தவர் அவர். அங்கிருந்த காலத்தில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பெரியபட்டினத்து வீட்டில் இரண்டு கிடா விழும். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வசதி இல்லாதவர்கள் மேல் கடமை இல்லை, இந்த வருடம் விட்டுவிடுவோம் என்று ஹமீதா பானு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் அறுக்கும்போது நம் வாசல் மட்டும் காய்ந்து கிடக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஆடு தேடிப் போனவர் அவர்.

பஞ்சம்மாள் ஆட்டோவிலிருந்து இன்னொரு கிடாயை இறக்கினாள். கறுப்பு, முறுக்கிய கொம்பு, நல்ல உயரம். அவள் வீட்டுப் பெட்டை ஆடுகளுக்கு இருந்த ஒரே பொலிகிடா.

"இது ரெண்டு வயசு தாண்டுனது. இத அறுங்க. குட்டிய நான் ஓட்டிட்டுப் போறேன். மேற்கொண்டு ஒண்ணும் வேணாம்."

ஹமீதா பானு சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்து காப்பாத்துனீகக்கா. இல்லாட்டி எல்லாம் வீணாப் போயிருக்குமே."

ஹஸ்ரத் எழுந்து சின்னக் கிடாயின் கட்டை அவிழ்த்தார். காலையில் தொழுகைக்குப் பிறகு அவர் பேசியதை ஜெய்னுலாபுதீன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தார். அறுப்பதன் கறியும் ரத்தமும் இறைவனிடம் போவதில்லை, அறுப்பவன் மனதில் இருக்கும் அச்சம்தான் போகிறது என்று சொன்னார். வருடா வருடம் கேட்கிற பேச்சுதான்.

ஒரு ஆடு பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது. சின்னக் கிடாயை ஆட்டோவில் ஏற்றிய பிறகே கறுப்பைப் படுக்கவைத்தார்கள். பஞ்சம்மாள் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

ஒரே இழுப்பில் முடிந்தது. ஆனால் ஜெய்னுலாபுதீன் கத்தியைக் கீழே வைக்காமலே நின்றதை ஹஸ்ரத் பார்த்தார். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தவர், பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வீட்டில் கூப்பிட, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

கறி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஹமீதா பானு வற்புறுத்தினாள். நேரமாகும், ஆட்டோ நிற்காது என்று பஞ்சம்மாள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஜெய்னுலாபுதீன் வாசலைத் தாண்டி ஆட்டோ வரைக்கும் போனார். கைலியில் ரத்தம் தெறித்திருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தார். யாரும் இல்லை.

"பஞ்சம்மா" என்றார். குரல் எழும்பவில்லை. "அன்னைக்கு நான் அது வாயத் தொறந்து பார்த்தேன். பூரா பால்பல்லு. வருசம் ஆகலன்னு எனக்கு அப்பவே தெரியும். வெல தோதா இருந்துச்சு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு பேசாம ஓட்டிட்டு வந்துட்டேன்."

பஞ்சம்மாள் மடியில் கிடந்த கிடாயின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தினாள்.

"தெரியும் பாய். நீங்க பல்லப் பார்க்கையில நான் ஒங்க மொகத்தத்தான பார்த்துக்கிட்டு நின்னேன்."

அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொன்னவ நாந்தான். அத நான் சொல்லிட்டேன். நீங்க உள்ள போங்க, கறி கெடக்கு."

ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

கொல்லையில் ஹமீதா பானு வீட்டுக்கு, சொந்தத்துக்கு, ஏழைகளுக்கு என்று மூன்று தாம்பாளம் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாளைப் பற்றி இன்னும் ஏதோ பாராட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஜெய்னுலாபுதீன் அவள் எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஹமீதா, ஒண்ணு சொல்லணும்" என்றார்.