அவருடைய வேண்டாம்

உப்பில்லாத கஞ்சியை என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனையின் பேரில்தான் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஓட்டையும் நான் போட வேண்டும். அவர் சொல்கிறபடி போட வேண்டும்.

1992 செப்டம்பர். பிரான்சில் அந்த வாரம் பொது வாக்கெடுப்பு. ஐரோப்பாவுக்கெல்லாம் ஒரே நாணயம் கொண்டுவரும் ஒப்பந்தம் வேண்டுமா, வேண்டாமா? புதுச்சேரியில் இருந்த எங்களைப் போன்ற பிரெஞ்சுக் குடிமக்களும் தூதரகத்துக்குப் போய்ப் பதில் சொல்லலாம்.

அவர் 'வேண்டாம்'.

நான் 'வேண்டும்'.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையற்காரராக இருந்தவர். பிரெஞ்சு நாணயமான பிராங்க் அவருக்குக் கொடி மாதிரி. எனக்கு எல்லையோர ஸ்ட்ராஸ்பூரில் மகள். பாலம் தாண்டி ஜெர்மனிக்குப் போய்ப் பால் வாங்குகிறவள். கைப்பையில் இரண்டு பர்ஸ் வைத்துக்கொண்டு கடைவாசலில் தடுமாறுகிறவள்.

சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை நடந்தது. உலக வர்த்தகப் பேரத்தில் பிரெஞ்சு விவசாயியை விற்றுவிடப் போகிறார்கள் என்று சொல்லி, அமெரிக்கக் கோதுமையோ என்ற சந்தேகத்தில் என் சப்பாத்தியைத் தள்ளிவைத்தார். தெருமுனை மில்லில் அரைத்த மாவு என்று சொல்லியும் நம்பவில்லை.

நெஞ்சுவலி வந்து படுத்த பிறகும் விடவில்லை.

"ஜெர்மன்காரன் ஒலையில நம்ம அரிசியப் போட்டா, சோறு அவனுக்குத்தான்டி."

கஞ்சி ஆறுகிறது என்றேன்.

எனக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பட்டாளத்து நண்பர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எதிர்க்கட்சி என்று தெரிந்தும் என் பெயரைத்தான் எழுதினார்.

வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

சனிக்கிழமை அடக்கம்.

ஞாயிறு காலை கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு தூதரக வரிசையில் நின்றேன். அவருடைய நண்பர்கள் வழிவிட்டார்கள். மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தனை பேரும் வேண்டாம் கட்சி. முசியே தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். துக்கத்திலும் அவர் சொல்லைக் காப்பாற்ற வந்திருக்கிறாயே என்றார்.

மேசையில் இருந்த பெண் பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆள் போனால் இதுவும் செல்லாது, மதாம். உங்களுடையது மட்டும்தான்.

திரைக்குப் பின்னால் தனியாக நின்றேன்.

இரண்டு காகிதம், வேண்டும் ஒன்று, வேண்டாம் ஒன்று. ஒரே உறை.

'வேண்டாம்' என்பதை எடுத்தேன். பாதி உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு எதிலும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால், தான் செத்தது நிஜம்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வெளியே இழுத்தேன். என்னுடையதைப் போட்டு உறையை மூடினேன்.

வாசலில் முசியே தவமணி காத்திருந்தார்.

"போட்டாச்சாம்மா, அவருக்காக?"

"அவருக்காகத்தான்."

எல்லோருமாகச் சேர்ந்து எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

வேண்டும் என்பது மயிரிழையில் ஜெயித்தது. சில வருடங்களில் நாணயமும் வந்தது. அவருடைய பென்ஷனில் எனக்குள்ள பங்கு அதில்தான் வருகிறது.

அந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.