ஆறாவது மூட்டை

"உன் எள்ளு, வாங்குற ஜப்பான்காரன் வச்ச சோதனையில தேறல, அமோங்கி. பூச்சிமருந்து இருக்காம்" என்றார் சங்கச் செயலாளர் ஒக்வீர். "இயற்கை விவசாயப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்தாகணும். இனி அந்தக் கூடுதல் விலை கிடைக்காது."

அமோங்கி தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். "ஒரு சொட்டு மருந்து தெளிச்சதில்லண்ணே! புழுவைக்கூட விரலாலதானே நசுக்குறேன்?"

"என் பொண்டாட்டி மேலயா பழி போடுறீங்க?" என்று எகிறினான் கணவன் ஒடியெக். மூட்டைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். "பக்கத்து வயல்ல அடிச்சது காத்துல வந்திருக்கும்!"

தனக்காக அவன் பேசியதில் அவளுக்குக் கண் கலங்கியது.

"காத்து ஒரே மூட்டைக்குள்ளயா புகும்? ஆறுல அஞ்சு சுத்தமா இருக்கே!" என்றார் செயலாளர்.

"ஆறா? நான் கட்டினது அஞ்சுதானே?"

"இவளுக்கு எண்ணத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்று சிரித்தான் ஒடியெக்.

செயலாளர் கிடங்கிலிருந்து ஆறாவது மூட்டையை இழுத்து வந்தார். அதன்மேல் இருந்தது அவளுடைய உறுப்பினர் எண்தான். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் தாங்கள் உடுத்தும் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துத்தான் மூட்டையின் வாயைக் கட்டுவார்கள். இதைக் கட்டியிருந்தது மஞ்சளில் சிவப்பு மீன் போட்ட துணி.

லிரா சந்தையில் அவளே ஆசைப்பட்டுக் காட்டிய துணி அது. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கியதாகவும், பஸ்ஸில் களவு போய்விட்டதாகவும் சொல்லி ஒடியெக் அழுதான். அவள்தான் அவனைத் தேற்றினாள்.

"இது என் வயல்ல விளையலண்ணே."

"வேற யார் வயலு?"

அமோங்கி கணவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் துணியைக் கட்டியிருக்கறவ பேரச் சொல்லு. எனக்கு வேணாம். செயலாளர் கேக்குறாரு."