அரைக் கிலோ ஒயின்

மாமா இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினாலும் அவருக்கு என்னை அடையாளம் தெரியக் கூடாது.

இதே வேண்டுதலோடு, வெயில் போன பிறகும் அர்கிரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தீவின் சாப்பாட்டுக் கடையில், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏதென்ஸிலிருந்து உடன் வந்த தோழிகள் கடல் தெரியும் நாற்காலிகளுக்கு அடித்துக்கொண்டதில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

இரண்டு மேசை தள்ளி, கயிற்றில் காயும் கணவாய் மீன்களுக்குக் கீழே, தனியாக யாகுமிஸ் மாமா.

அவர் அவளுடைய அம்மாவின் தம்பி. இந்தத் தீவில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். அம்மாவின் திராட்சைத் தோட்டம் அர்கிரோவுக்கு வந்தது. அதில் முதுகு ஒடியக் குனிந்தது மட்டும் மாமா. கடற்காற்று அறுத்துவிடாமல் கொடிகளைத் தரையோடு கூடைபோலச் சுற்றி வளர்த்ததும், பழத்தை மிதித்துப் பிழிந்ததும் அவர்தான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அதை விற்றாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டப்படி சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மனம் ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை.

இந்தப் பயணமே தோழி டானாயின் ஏற்பாடு. படகு, ஹோட்டல், எல்லாம் அவள் தேர்வு. வேறு ஹோட்டல் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள் அர்கிரோ. ஏன் என்று கேட்டால் சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை.

வெயிலில் காயவைத்துச் சுட்ட கானாங்கெளுத்தி வந்தது. மசித்த பருப்பு வந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, தகரக் குவளையில் அரைக் கிலோ ஒயின் வந்து உட்கார்ந்தது. தீவில் ஒயினுக்கும் கிலோ கணக்குதான்.

"இத நாங்க கேக்கலையே," என்றாள் டானாய்.

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு உபசாரமா? அந்தப் பெரியவர் அனுப்பினாரு." கடைக்கார ஃபோட்டினி, அர்கிரோவின் காதருகே குனிந்தாள். "கண்ணாடியக் கழட்டுடி. பெரிய சினிமாக்காரி! நீ படியேறி வந்தப்பவே, அக்கா நடை அப்படியேன்னு சொல்லிட்டாரு உங்க மாமா."

ஊர் வழக்கப்படி, மேசைக்கு அனுப்பிய ஒயினை ஊற்றி, அனுப்பியவரைப் பார்த்துக் கோப்பையைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். திருப்பினால், இனி நீ எனக்கு யாருமில்லை என்று பொருள்.

அர்கிரோ கண்ணாடியைக் கழற்றினாள். ஊற்றினாள். தூக்கினாள்.

அவரும் தூக்கினார். ஒரு மிடறு குடித்தார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு பேர் முன்னால் எழுந்து வந்து திட்டியிருந்தால் தேவலை.

நாக்கின் ஓரத்தில் முதலில் உப்பு தட்டியது. அதற்குப் பின்னால்தான் இனிப்பு. உலகத்தில் ஒரே ஒரு சரிவில் மட்டும் விளைந்த ருசி. அம்மாவின் தோட்டத்துச் சரிவு.

"கடைசிப் பீப்பாய்," என்றாள் ஃபோட்டினி, தட்டுகளை அடுக்கியபடி. "ஒருத்தரையும் தொட விடலை. தோட்டத்துக்காரி வந்து முடிச்சு வைக்கட்டும்னாரு."

அது குத்தலா, பிரியமா? அவளால் பிரித்தறிய முடியவில்லை. எதுவாக இருந்தாலும் விழுங்கக்கூடியதாக இல்லை.

டானாய் கோப்பையைக் காலி செய்து, உதட்டைத் துடைத்தாள்.

"அடேயப்பா! இது எந்தத் தோட்டத்து ஒயின்? நாளைக்குக் காலைல எங்களக் கூட்டிட்டுப் போ. ஊர்க்காரி ஒருத்திய கூட வெச்சுக்கிட்டு, ஹோட்டல் நீச்சல் குளத்துலயே எரும மாதிரி ஊறிக் கெடக்கணுமா நாங்க?"

டானாயின் தலை இன்னும் ஈரம். முடியிலிருந்து சொட்டிய நீரில் குளோரின் வாடை, சுட்ட மீனையும் மீறி அடித்தது.

பிற்பகல் முழுக்க அந்தக் குளத்தின் கரையில், தலைவலி என்று சொல்லி, கால்கூட நனைக்காமல் உட்கார்ந்திருந்தாள் அர்கிரோ. தோழிகள் கூச்சலிட்டுக் குதித்த ஆழமான பக்கத்தில்தான், ஹோட்டல் வரும் முன், மாமாவின் மிகப் பழைய கொடிகள் இருந்தன.

டானாய் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வேண்டாம்," என்றாள் அர்கிரோ, இரண்டு மேசை தள்ளிக் கேட்டுவிடாத குரலில்.